கரிமீசை அப்பாவுக்கு

இன்று காலை மாடி வீட்டுக் குட்டிப் பெண்ணுக்கு மீசை வரைந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டியாம். போலீஸ் உடுப்பு, தொப்பி, கழுத்தில் விசில் எல்லாம் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார்கள். மீசைக்குத்தான் வழியில்லை. "பொம்பளை போலீசுக்கு எதுக்குடி மீசை?" என்று அவள் அம்மா கேட்கிறாள். இவளோ என் வாசலில் காலை உதைத்துக்கொண்டு, "மீசை இல்லாட்டி நான் போவ மாட்டேன்" என்கிறாள். தெருமுனை இஸ்திரி வண்டியில் ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கிவந்தேன். கரண்டிக் காம்பால் பொடித்து, தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தேன்.

கரியும் எண்ணெயும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நர்சம்மா, ஜல்தி! வேன் வந்துடும்" என்று குழந்தை தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மீசையோடு வந்து நிற்கிறாயே, இது உனக்கே நியாயமாக இருக்கிறதா?

அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் என்ன கூத்து நடந்தது தெரியுமா? மண் போடும் நேரத்தில் எனக்குத் தாங்கவில்லை. "யப்பா, என்னை விட்டுட்டுப் போறியே யப்பா" என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். சபைக்குப் புதிதாக வந்திருந்த பாதிரி ஐயர் வேதப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு அம்மாள், "பாவம், துக்கத்துல ஆளு பேஜாராயிட்டாங்க, தண்ணி குடுங்க" என்றாள். செத்தது ஒரு பெண்பிள்ளை, பேரன் பேத்தி எடுத்தவள். அவளைப் போய் இந்தக் கிழவி அப்பா என்கிறாளே என்று அவர்கள் நினைத்தது தப்பில்லை. உன் மகள்தான் அழுதுகொண்டிருந்தவள் அந்த அழுகையிலேயே சிரித்து, "அவங்க எப்பவும் அப்படித்தாங்க கூப்பிடுவாங்க" என்றாள்.

ஏன் அப்படி என்று அங்கே யாருக்கும் சொல்ல முடியவில்லை. உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நாம் பதினோராம் வகுப்பு, அதாவது அந்தக் காலத்துப் பள்ளிக் கடைசி வகுப்பு, முடிக்கிற வருஷம் அது. ஆரணியில் பெண்கள் பள்ளிக்கூடம். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தறி வீட்டுப் பெண்கள். உன் வீட்டில் தறி இல்லை. உன் அம்மா ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தார். நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே உன் அப்பா காலமாகிவிட்டார். சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பாவுக்குத் தார் சுற்றிக்கொடுப்பாய். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றுகிற வேலை. ஒரு கை ராட்டையைச் சுற்றும், ஒரு கை இழையைப் பிடிக்கும், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஊர்க்கதை அத்தனையும் பேசுவாய். தறிக்குழிக்குள் உட்கார்ந்திருக்கிற அப்பா பாதிக்கு மேல் காதில் வாங்க மாட்டார், ஆனால் நீ வராத நாளில், "இன்னா இன்னிக்கு வீடே செத்துப் போயிருக்குது?" என்று கேட்பார்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதியது தமிழ் டீச்சர். தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். கதை இதுதான்: தாயில்லாத ஒரு பெண்ணை அவள் அப்பா வளர்க்கிறார். குழந்தை நடை பழகும்போது கீழே விழாமலிருக்க அவள் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொள்கிறார். அவள் வளர வளரக் கயிறும் நீள்கிறது. கடைசியில் அவள் படிக்கப் பட்டணம் கிளம்புகிறாள். அப்பா கத்தரியை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பெண் பஸ் ஏறுகிறாள். "உங்க வகுப்புக்குன்னே எழுதினேன். நீங்கள்லாம் இனிமே எங்கெங்கே போகப்போறீங்களோ" என்றார் டீச்சர்.

நாம் எங்கே போகப்போகிறோம் என்று அவருக்கு என்ன தெரியும்? பாதிப் பேர் கல்யாணத்துக்கு, மீதிப் பேர் தறிக்கு.

பெண் வேஷத்துக்கு ஏகப்பட்ட போட்டி. என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும் என்று எனக்குக் கொடுத்தார். அப்பா வேஷத்துக்கு யார் என்று கேட்டதும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மீசை வைத்துக்கொண்டு மேடையேறினால் ஆயுசுக்கும் ஊர் கேலி செய்யுமே! நீதான் எழுந்தாய். "எனக்குத்தான் வீட்டுல அப்பா இல்லையே டீச்சர், நானே ஆயிடறேன்" என்றாய். மறுபடி சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

முதல் ஒத்திகையில் நீ செய்த அப்பா இருக்கிறாரே, ஐயோ! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, குரலைத் தொண்டைக்குள் இறக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உலாத்தினாய். டீச்சர் கேட்டார்: "இப்படி ஒரு அப்பாவை நீ எங்கேம்மா பார்த்தே?" முதுகுக்குப் பின்னாலிருந்த கை தானாக இறங்கியது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் உன் வாய் ஓய்ந்துபோனது. ராட்டையைச் சுற்றுவாய், கண் மட்டும் தறிப் பக்கம் இருக்கும். அப்பா உட்காருமுன் தோள் துண்டை எடுத்துச் சுத்தமாக இருக்கிற பலகையையும் ஒரு தட்டுத் தட்டுவது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவது. பேசுமுன் இரண்டு தரம் கனைப்பது. இழை அறுந்தால் பக்கத்துக் கொட்டாங்குச்சியிலிருக்கும் சாம்பலில் விரலைத் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்குவார், அப்போது ஏதோ குழந்தையைக் கூப்பிடுவதுபோல் "வாம்மா, வா" என்று இழையோடு பேசுவார். எல்லாத் தறியிலும் அறுந்த இழையை அப்படித்தான் சேர்ப்பார்கள், இழையைக் கொஞ்சுகிறவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. நீ மேடையில் செய்தபோதுதான் பார்த்தேன். "இன்னாம்மா தார் இப்டி தொளதொளன்னு சுத்தி வச்சிருக்கிற? மனசு எங்க இருக்குது?" என்று அப்பா உன்னைத் திட்டியது நினைவிருக்கிறதா? மனசு எங்கே இருந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது.

அதே நேரத்தில்தான் எனக்கு வேலூரிலிருந்து கார்டு வந்தது. நர்ஸ் படிப்புக்கு இண்டர்வியூவுக்கு வரச்சொல்லி. மனுவைப் பூர்த்தி செய்ததே நீதான், என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறது என்று. அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தரம் கனைத்தார். "ம்... பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "வேலூரு நமக்கு எதுக்கு? இங்கயே டைப்பு கத்துக்கட்டும். நைட்டு டூட்டி, கண்டவங்க காயத்துக்குக் கட்டுப் போடறது. ஒண்ணே ஒண்ணு பெத்து வச்சிகினு நான் எங்கன்னு போயி பாக்கறது?" என்றாராம். அவர் கெட்டவரா? கிடையாது. ஒன்பதாவது வகுப்பு வரை என்னைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். பயம். எனக்கு அப்போது அது புரியவில்லை, கோபம்தான் வந்தது.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று அழுதேன். நீ தாவணி முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாய். "நாடகத்துக்கு உங்க அப்பாவைக் கூட்டிகினு வா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாய்.

"இன்னாடி பண்ணப் போற?"

"அப்பா சொன்னா கேக்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த அப்பா. விளையாட்டாகத்தான்.

ஒத்திகை முழுக்க நமக்குக் கொடிக்கயிறுதான். துணி காயப்போடுகிற வெள்ளைக் கயிறு. விழா அன்று மதியம் உனக்குக் கிறுக்குப் பிடித்தது. "ஆரணிப் பொண்ணுங்க கொடிக்கயித்தைக் கட்டிகினு நாடகம் போட்டா ஊரே காறித் துப்பும்டி. பட்டு இல்லாத ஊரா இது?" எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கூட இருந்த பெண்கள் எல்லோருக்கும் சரியென்று பட்டது. தறி வீட்டுப் பெண்ணுக்குப் பட்டைவிட உசத்தி ஒன்று உண்டா? எங்கள் வீட்டிலிருந்து அரக்குச் சிவப்பில் ஒற்றை இழை எடுத்து வந்தேன். சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், தகதகவென்று இருந்தது. டீச்சர் அப்போது நாற்காலி வாடகைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நாம் கேட்கவுமில்லை. கரியைக் குழைத்து உனக்கு மீசை வரைந்தது நான். வாய் கோணாமல் இருடி என்றால் இருந்தாயா நீ? ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துவிட்டது.

பொழுது சாய்ந்து திரை விலகியது. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒற்றைப் பட்டு இழை யார் கண்ணுக்குத் தெரியும்? பாயில் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்குக்கூடத் தெரியவில்லை. மேடை ஓரத்திலிருந்து டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு, "கயிறு எங்கேடி?" என்று வாயை மட்டும் அசைத்தார். நான் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறேன், நீ எதிரே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். "அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு கையை நீட்டிகினே போவுது? சுளுக்கா?" என்று ஒரு அம்மாள் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

அது போகட்டும். நீ பலகையைத் துண்டால் தட்டி உட்கார்ந்தாய். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடினாய். இரண்டு தரம் கனைத்தாய். கூட்டத்தில் ஒரு குரல்: "டேய், இது நம்ம தெருக்காரரு இல்ல?" அவ்வளவுதான், எங்கள் தெரு முழுக்கத் திரும்பி என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அவர் மூன்றாவது வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை மெதுவாக இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

போச்சு, ஊருக்கு முன்னால் அவரைக் கோமாளியாக்கிவிட்டோம், இனி வேலூர் பேச்சையே எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மேடையிலேயே உன்னைப் பிடித்து அறையலாம் போலிருந்தது.

கடைசிக் காட்சி. மேடையின் அந்தக் கோடியில் அட்டையில் வரைந்த பஸ். நான் பெட்டியோடு நிற்கிறேன். நீ கத்தரியை எடுத்து நமக்கு நடுவில் இழையை வெட்டினாய். கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனுஷன் கத்தரியால் காற்றைக் கத்தரிக்கிறான் என்பதுதான். "யோவ், காத்தை ஏன்யா வெட்ற? அது இன்னாய்யா பண்ணுச்சு உன்னை?" என்று ஒருவன் கத்தினான். கொட்டகையே அதிர்ந்தது. சின்னப் பிள்ளைகள் விரலைக் கத்தரி மாதிரி வைத்துக்கொண்டு காற்றை வெட்டினார்கள். இழை உண்மையில் அறுந்து ஒரு பாதி என் மணிக்கட்டிலும் ஒரு பாதி உன் விரலிலும் தொங்கியது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

டீச்சர் எழுதியபடி நீ இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நீ திருப்பவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாய். பலகையைத் துண்டால் தட்டி உட்கார்ந்தாய். கையை நீட்டி என் பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தாய், என்னவென்று புரியாமல் நான் கிட்டே வந்தேன். பக்கத்தில் கொட்டாங்குச்சி இருப்பதுபோல் விரலைத் தாழ்த்தி, இல்லாத சாம்பலைத் தொட்டாய். இரண்டு முனையையும் சேர்த்து வைத்து முறுக்கினாய். "வாம்மா, வா" என்றாய்.

சிரிப்பு நின்றது. ஒரேயடியாக அல்ல, முன்வரிசையில் நின்று, பின்னால் போய்ப் போய் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அந்தக் கை அசைவை அறியாதவர் யார்? கண்ணுக்குத் தெரியாத இழை அவர்களுக்கு உன் விரலில் தெரிந்துவிட்டது. ஒட்டு நிற்கிறதா என்று நீ இழையை நகத்தால் சுண்டிப் பார்த்தபோது, முன்னால் இருந்த இரண்டு பெரியவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு விரலில் சுற்றியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே பேசினாய். வேஷக் குரலில்லை, உன் குரலுமில்லை.

"வேலூர் பஸ்ஸு வந்துடுச்சு. போம்மா. எத்தினி தூரம் போவணுமோ போ. அறுந்தா அறுந்துட்டுப் போவுது. ஒட்டுப் போட எனக்குத் தெரியும்."

நாடகத்தில் வேலூர் என்ற ஊரே கிடையாது. எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. "போய்ட்டு வரேன்பா" என்று மட்டும் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அட்டை பஸ்ஸுக்குள் முட்டிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

திரை விழுந்ததும் டீச்சர் ஓடிவந்தார். திட்டு விழப்போகிறது என்று கையைக் கட்டி நின்றோம். "கயிறுன்னா கயிறைக் கட்டணும்டி கழுதைகளா" என்றார், பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக. அவர் சொன்னது சரிதானே! ஊரெல்லாம் பட்டு நெய்கிறவர்கள், பட்டு கண்ணுக்குத் தெரியாது என்று நம்மில் ஒருத்திக்குத் தோன்றவில்லை பார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா பத்தடி முன்னாலேயே போனார். சாப்பிட்டார், படுத்தார். அம்மாதான் சமையல்கட்டில் என் காதோடு சொன்னாள்: "நீ பஸ்ஸு ஏறறப்ப, உங்க அப்பா விரலு முட்டி மேல தானா முறுக்கிகினு இருந்துச்சுடி." எனக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் நீ வரவில்லை. பயந்து வீட்டிலேயே கிடந்தாய். அதற்கு அடுத்த நாள் அப்பா தறியிலிருந்தே கேட்டார், "எங்க அந்த வேஷக்காரி? தாரு யாரு சுத்தறது?" நான் ஓடிவந்து உன்னை இழுத்துப் போனேன். வாசல்படியில் ஒரு காலை வெளியேயும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு, திட்டினால் ஓடுவதற்குத் தயாராக நின்றாய்.

"உள்ள வாம்மா."

போனாய்.

"அது இன்னா ஒட்டு, அன்னிக்கு நீ போட்டது? இடது கையால முறுக்கினா அவுந்துடும். ஊருக்கு முன்னாடி என் மானம் போச்சு."

நீ இடது கைக்காரி. அதுவரை அவர் கவனித்ததே இல்லை. "எனக்கு அதான் மாமா வருது" என்றாய். வலது கையால் முறுக்கிக் காட்டினார். நீ செய்து பார்த்தாய், நழுவியது. மறுபடி காட்டினார். மறுபடி நழுவியது. உன் கண்ணில் நீர் கட்டியதா, அவர் கண்ணிலா, யார் கண்டது? இருவரும் குனிந்திருந்தீர்கள். அப்படிக் குனிந்தபடியே, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "கண்ணமங்கலம் வழியா வேலூர் போற பஸ்ஸு காலைல எப்ப கெளம்புது?"

நீ பட்டென்று நேரத்தைச் சொன்னாய். முன்னாடியே போய் விசாரித்து வைத்திருந்தாய், திருடி!

இண்டர்வியூவுக்கு அப்பா கூட வந்தார். ஆனால் டிரங்குப் பெட்டியோடு நான் ஒரேயடியாகக் கிளம்பிய நாளில் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. தறியில் இழை அறுந்துவிட்டது, விட்டு வர முடியாது என்றார். நீதான் வந்தாய். ஜன்னலோரம் நின்றுகொண்டு, பஸ் நகரும்போது இடது கை விரலை மட்டும் முறுக்கிக் காட்டினாய். அன்றைக்குத்தான் சத்தமாகக் கூப்பிட்டேன், "யப்பா, போய்ட்டு வரேன்" என்று. கண்டக்டர் எட்டிப் பார்த்தார், அப்பா எங்கே என்று.

எனக்கு உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. நடிப்பில் நீ பெரியவள், படிப்பிலும் நான் உனக்குக் கீழேதான். என்னை அனுப்பிவிட்டு நீ ஆரணியிலேயே நின்றாய். உன் அம்மாவின் காலத்துக்குப் பிறகு அதே ஹாஸ்டலில் வேலை, கல்யாணம், குழந்தை. கிறிஸ்துமஸ் நாடகமென்றால் கோயிலில் ராஜா வேஷமெல்லாம் உனக்கு. ஒருமுறை லீவில் வந்தபோது இதைச் சொல்லி நான் மூக்கைச் சிந்தினேன். எண்பதுகளில், அப்பா படுத்த படுக்கையாக இருந்த சமயம். எனக்கு டூட்டி, நினைத்தபோது வர முடியாது. அம்மாவால் அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. தினமும் வந்து அவருக்குக் கஞ்சி ஊற்றி, முகம் துடைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி விட்டவள் நீ. "வேஷக்காரி வந்தாளா?" என்றுதான் அவர் கண் விழிப்பாராம்.

என் அழுகையைப் பார்த்து உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடி சும்மா மூக்கை சிந்திகினு! உன்னை அனுப்பினதுல எனக்கு நஷ்டம்னு யாரு சொன்னது? நீ இங்க இருந்த வரைக்கும் அவரு உனக்கு அப்பா. நீ போனப்புறம்தான் எனக்கு ஆனாரு" என்றாய். சொல்லிவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். வகுப்பே சிரித்தபோது டீச்சர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக உனக்காக நான் பட்ட பரிதாபம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்றும் விளங்கியது. அவர் கடைசி மூச்சு விடும்போது கையைப் பிடித்திருந்தது நீ. எனக்கு அதில் பொறாமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிம்மதியும் இருந்தது.

பிறகு இந்த வருஷம். உன்னை வேலூருக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். நான் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும், வார்டில் நுழைந்ததும் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற சார்ட்டைத்தான் கை முதலில் தேடுகிறது. பார்த்தேன். தெரிந்துவிட்டது. உனக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. உன் மகளுக்கு மட்டும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விருப்பமில்லை. சென்னைக்குக் கொண்டுபோகலாம், அங்கே பெரிய டாக்டர் இருக்கிறாராம், இன்னொரு டெஸ்ட், இன்னொரு ஆபரேஷன் என்று போனும் கையுமாக வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

"எனக்கு ஊருக்குப் போவணும்டி. என் வீட்டுல படுக்கணும்" என்றாய் என்னிடம். "அவகிட்ட நான் சொன்னா அழுவா. நீ சொல்லு."

"நான் எப்டிடி சொல்றது?"

"இத்தினி வருஷம் நான் அப்பாவா இருந்தேன் இல்ல? இப்ப நீ கட்டு வேஷம்."

வராந்தாவில் அவளை உட்காரவைத்தேன். என்ன சொல்வதென்று முன்கூட்டி யோசிக்கவில்லை. இரண்டு தரம் கனைத்தேன், என்னை அறியாமல். "அம்மாவைக் கட்டிப் பிடிச்சிகினு இருக்காதம்மா. வீட்டுக்குக் கூட்டிகினு போ. அங்க பக்கத்துல உக்காந்துகினு பேசு, அதுக்கு இன்னும் நாள் இருக்குது" என்றேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, டிஸ்சார்ஜ் எழுதச் சொல்லப் போனாள். நல்ல பிள்ளை. உன் பிள்ளை.

ஆம்புலன்ஸில் உன்னை ஏற்றியபோது உன் இடது கையில் ஊசி குத்திய இடம் கருத்து வீங்கியிருந்தது. அதனால் நான்தான் உன் விரலைப் பிடித்து, என் விரலோடு சேர்த்து முறுக்கினேன். சிரித்தாய். "வலது கையால போடறியே, அவுந்துடும்டி" என்றாய். நான் கையை மாற்றி இடது கையால் முறுக்கினேன். திருப்தியாகத் தலையாட்டினாய். கண்ணமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அம்மா கையை அப்படியே வைத்திருந்தார் என்று உன் மகள் பிறகு சொன்னாள்.

இன்றைக்குக் காலையில் மீசை வரைந்து முடித்தேன். ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்துதான் வந்தது, எனக்கு இந்த ஜென்மத்தில் நேராக வராது. குழந்தை கண்ணாடியில் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். குதித்த வேகத்தில் விசில் கயிறு அறுந்து விசில் கட்டிலுக்கடியில் ஓடியது. வேன் ஹாரன் அடிக்கிறது, இவள் மீசை கலைய அழ ஆரம்பிக்கிறாள். விசிலைத் தேடி எடுத்து, இரண்டு முனையையும் எச்சில் தொட்டுச் சேர்த்து, இடது கையால் முறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"அவுந்துடுமா நர்சம்மா?"

"அவுராது. எங்க அப்பா போடற ஒட்டு இது."

"உங்க அப்பாவும் போலீசா?"

"இல்ல. ஆனா மீசை உன்னுது மாதிரிதான், ஒரு பக்கம் கோணல்."

சாயங்காலம் வந்தாள். பரிசு கிடைக்கவில்லை. கரி கன்னம், காது, சட்டை எல்லாம் அப்பிக் கிடந்தது, மீசை இருந்த இடமே தெரியவில்லை. மாடிப்படி ஏறிக்கொண்டே காது கிழிய ஊதினாள். விசில் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.